அந்தமானில் மீடியம் வேவ்: தூரத்து நிலையம் கிடைக்காதபோது எங்கே பார்ப்பது

போர்ட் பிளேரிலிருந்து சென்னை நேர்கோட்டில் ஏறக்குறைய 1,360 கிலோமீட்டர். கொல்கத்தா 1,300. பாங்காக் 900-க்குள், யாங்கோன் 700-க்குள், சுமத்ராவின் மேடான் 1,100 சொச்சம். (2024-இல் ஊருக்கு ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பேச்சில் பழைய பெயர்தான் புழங்குகிறது என்பதால் அப்படியே எழுதுகிறேன்.) நடுவில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் கடல். மீடியம் வேவ் (ரேடியோவில் ஏ.எம். என்று போட்டிருக்கும் பேண்ட்) கேட்பவருக்கு இப்படி ஒரு இடம் அமைவது அரிது. கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறன் நல்ல ஈர மண்ணைவிட நூறு மடங்குக்கும் அதிகம். அதனால் தண்ணீரை ஒட்டி வரும் அலை எளிதில் தேயாது. வானத்திலிருந்து தாழ்வாக இறங்கும் அலைக்கும் கரையோரத்தில் கூடுதல் பலம் கிடைக்கும்.

அப்படியிருந்தும் "இங்கே ஏ.எம்.-மில் கரகரப்பைத் தவிர ஒன்றும் வரவில்லை" என்று பலர் ரேடியோவைப் பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உண்மையிலேயே வருத்தம். ஏனென்றால் கோளாறு பெரும்பாலும் ரேடியோவில் இருப்பதில்லை. கேட்கும் நேரம், ரேடியோவைத் திருப்பி வைத்திருக்கும் திசை, அறைக்குள் எரியும் விளக்கு, இவற்றில் ஒன்றுதான் காரணமாக இருக்கும். உங்கள் ரேடியோ என்ன செய்கிறது என்று பார்த்து, அதற்கான பகுதிக்குப் போங்கள்.

எதற்கும் முதலில்: 684 கேட்கிறதா?

போர்ட் பிளேர் வானொலியின் அலைவரிசை 684 கிலோஹெர்ட்ஸ், 100 கிலோவாட். பகலில் இது தெளிவாகக் கேட்டால் ரேடியோ நலம், மேற்கொண்டு படியுங்கள். கேட்கவில்லை என்றால் பேண்ட் சுவிட்ச் ஏ.எம்.-மில் இருக்கிறதா, பேட்டரி புதிதா என்று பாருங்கள். பக்கத்து வீட்டு ரேடியோவிலும் இல்லை என்றால் ஒலிபரப்பே அந்த நேரத்தில் இல்லை என்று அர்த்தம். அகில இந்திய வானொலி அண்மை ஆண்டுகளில் பல மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை மூடியிருக்கிறது. கீழே நான் சொல்லும் எந்த அலைவரிசைக்கும் இது பொருந்தும். ஒரு நிலையத்தை நம்பி ரேடியோவைக் குறை சொல்லாமல் நாலைந்தைச் சோதித்துப் பாருங்கள்.

720 நன்றாக வருகிறது, 684-உம் 657-உம் அமுங்கிக் கேட்கின்றன

டிஜிட்டல் ரேடியோவில் மட்டும் வரும் கோளாறு இது. சரிசெய்வதும் எளிது. ஆசியாவில் நிலையங்கள் 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் அமைந்திருக்கின்றன, அமெரிக்காவில் 10. உங்கள் ரேடியோ 10-இல் இருந்தால் 680, 690, 700 என்று தாவும். சென்னையின் 720 ஒன்பதுக்கும் பத்துக்கும் பொதுவான எண் என்பதால் சரியாக மாட்டும். 684-ஐயோ கொல்கத்தாவின் 657-ஐயோ அது தாண்டிப் போய்விடும். பட்டன்களில் எங்காவது சிறிய எழுத்தில் 9/10 என்று போட்டிருக்கும். டெக்சன் போன்ற கம்பெனி ரேடியோக்களில் ரேடியோவை அணைத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் மாறும். மாற்றிய பின் நினைவில் சேமித்த நிலையங்களை மறுபடி தேட வேண்டியிருக்கலாம்.

பகலெல்லாம் வெறுமை, சாயங்காலம் தாய்லாந்து மொழிதான் வருகிறது, தமிழ் வரவில்லை

இது கோளாறே இல்லை, இயற்கை. பகலில் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் உருவாகும் டி அடுக்கு மீடியம் வேவ் அலைகளை உறிஞ்சிவிடுகிறது. மேலே போனது திரும்பி வருவதில்லை. அப்போது கிடைப்பது தண்ணீரை ஒட்டி வரும் அலை மட்டும். சூரியன் மறைந்ததும் டி அடுக்கு கலைகிறது, மேலடுக்குகள் அலையைத் திருப்பி அனுப்புகின்றன. 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நிலையங்கள் அப்போதுதான் வரும்.

இதில் அந்தமானுக்கென்று ஒரு விசேஷம் உண்டு. இங்கேயும் இந்திய நேரம்தான், ஆனால் சூரியன் சென்னையைவிட சுமார் 50 நிமிடம் முன்னதாக மறைகிறது. டிசம்பரில் 5 மணிக்கே போர்ட் பிளேரில் பொழுது சாயும். பாங்காக்கில் அதற்கும் அரை மணிக்கு மேல் முன்பே இருட்டியிருக்கும். அலை வரும் வழி முழுக்க இருட்ட வேண்டும், அல்லது இருட்டுக்கு நெருங்க வேண்டும். ஆகவே முதலில் கிழக்கு திறக்கும், அப்புறம் வடக்கு, கடைசியில்தான் மேற்கு. 5 மணிக்குச் சென்னையைத் தேடினால் கிடைக்காது. 6 மணிக்கு மேல் தேடுங்கள், 7 மணிக்கு நிலைத்து நிற்கும்.

கிழக்கு திறந்துவிட்டதா என்று அறிய ஒரு வழி இருக்கிறது. தாய்லாந்து வானொலிகள் அவர்கள் நேரப்படி மாலை 6 மணிக்குத் தேசிய கீதம் ஒலிபரப்பும். நமக்கு அது 4:30. டிசம்பர், ஜனவரியில் கார்பின்ஸ் கோவ் போன்ற கிழக்குக் கரையில் நின்று 4:25-க்கே தாய்லாந்தின் 891-இல் வைத்துக் காத்திருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே கரகரப்புக்கு அடியிலிருந்து அந்த மெட்டு எழும்பி வந்தால் பாதை திறந்தாயிற்று. ஒவ்வொரு முறையும் எனக்கு உடம்பு சிலிர்க்கும் ஒன்று இது.

காலையில் வரிசை அப்படியே நடக்கும், விளைவு மட்டும் வேறு: கிழக்கு நிலையங்கள் முதலில் மங்கும், மேற்கு கடைசி வரை நிற்கும். அகில இந்திய வானொலி நிலையங்கள் 6 மணியை ஒட்டித் தொடங்குகின்றன. டிசம்பரில் போர்ட் பிளேரில் சூரியன் ஐந்தரை வாக்கில் எழுந்தாலும் சென்னையில் 6:20 வரை விடிவதில்லை. அந்த இடைவெளியில் தாய்லாந்து, பர்மியக் குரல்கள் ஒதுங்கிய பிறகு தமிழ் தனியாக நிற்கும் சில நிமிடங்கள் உண்டு. ஜூனில் இதை எதிர்பார்க்காதீர்கள். அப்போது இங்கே 5 மணிக்கே விடிந்துவிடும், 6 மணிக்கு எல்லாம் அடங்கியிருக்கும்.

பேண்ட் முழுக்க ஒரே 'ர்ர்ர்' இரைச்சல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். தீவில் தூரத்து நிலையம் கிடைக்காமல் போவதற்கு நான் கண்ட முதல் காரணம் இதுதான்.

எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், எலிமினேட்டர், இன்வெர்ட்டர், சோலார் சார்ஜ் கன்ட்ரோலர், இவை எல்லாவற்றிலும் மின்சாரத்தை வெகு வேகமாகத் துண்டித்துத் துண்டித்துச் சேர்க்கும் சுற்று இருக்கிறது. அந்த வெட்டுகளின் எச்சம் மீடியம் வேவ் முழுக்கப் பரவும். பவர் பேங்கும் விதிவிலக்கல்ல. ரேடியோவை அதில் செருகிக்கொண்டு கடற்கரைக்குப் போனால் இரைச்சலையும் கூடவே கொண்டுபோகிறீர்கள்.

முதலில் ரேடியோவைச் சாதாரண பேட்டரியில் போடுங்கள், யு.எஸ்.பி. கயிறு எதுவும் தொங்கக் கூடாது. கைபேசியை ஒரு கை நீளமாவது தள்ளி வையுங்கள். நிலையம் எதுவும் இல்லாத ஒரு இடத்தில் முள்ளை நிறுத்தி, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் விழுந்தால் வீட்டுக்குள்தான் ஆள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துப் பிடிக்கலாம். மெயினை அணைத்தும் போகவில்லை என்றால் இன்வெர்ட்டர் தனியாக ஓடிக்கொண்டிருக்கும், அல்லது பக்கத்து வீடு, அல்லது தெருக் கம்பி.

யார் என்று தெரியாவிட்டால் ரேடியோவையே துப்பறிய வைக்கலாம். உள்ளே ஒரு ஃபெரைட் கம்பி படுத்திருக்கிறது, பொதுவாக ரேடியோவின் நீளவாக்கில். அந்தக் கம்பியின் முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்து வருவது ரேடியோவுக்குக் கேட்காது. ரேடியோவைக் கிடைமட்டமாக வைத்து மெதுவாகச் சுழற்றுங்கள். இரைச்சல் சட்டென்று விழும் இடத்தில் கம்பியின் முனை குற்றவாளியைக் காட்டிக்கொண்டிருக்கும். இரண்டு முனை இருப்பதால் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற சந்தேகம் வரும். நாலு அடி நடந்துபோய் மறுபடி சுழற்றினால் தீர்ந்துவிடும்.

சோலார் வைத்த விடுதிகளில் பகலில் சார்ஜ் கன்ட்ரோலரும் இரவில் இன்வெர்ட்டருமாக மாறி மாறிச் சத்தம் போடும். அங்கே போராடிப் பயனில்லை, வெளியே நடந்துவிடுங்கள். இந்த வகை இரைச்சல் மூலத்தைவிட்டு விலக விலக மளமளவென்று விழும், பத்து மீட்டரிலேயே வித்தியாசம் தெரியும். தகரக் கூரைக்குக் கீழேயும் காங்கிரீட் அறைக்குள்ளேயும் நிலையத்தின் பலமும் பாதியாகிவிடும் என்பதால் வெளியே வருவது இரட்டை லாபம். கரைக்கே போக முடிந்தால் போங்கள். அலையோசைக்கு ஹெட்போன் தேவைப்படும். ஒன்று மட்டும்: இங்கே உப்புநீர் முதலைகள் உண்டு. வண்டூர் பக்கம் எச்சரிக்கைப் பலகையே வைத்திருக்கிறார்கள். பொழுது சாய்ந்த பின் தண்ணீருக்குள் காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். மேட்டில், வெளிச்சம் உள்ள இடத்தில் இருங்கள்.

தொடர் இரைச்சல் இல்லை, விட்டு விட்டுச் 'சடார் சடார்'

மின்னல். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி அடித்தாலும் கேட்கும். மே முதல் நவம்பர் வரை இதிலிருந்து தப்பிப்பது கடினம். ஜனவரி முதல் மார்ச் வரை காற்று அமைதியாக இருக்கும், தூரத்து நிலையங்களுக்கு அதுவே பருவம். இடி காதில் விழுந்தால் வெளியே கட்டிய கம்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுங்கள்.

ஏரியலை முழுக்க நீட்டியும் பலன் இல்லை

பெரும்பாலான ரேடியோக்களில் அந்தக் குச்சி எஃப்.எம்.முக்கும் ஷார்ட் வேவுக்கும்தான். மீடியம் வேவுக்கு உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பியே ஆன்டெனா. குச்சியை மடக்கி வைத்துவிட்டு ரேடியோவைத் திருப்புங்கள். ரேடியோவின் முகமோ முதுகோ நிலையத்தைப் பார்க்க வேண்டும். சென்னைக்கு மேற்கே, யாங்கோனுக்கு வடகிழக்கே, கொல்கத்தாவுக்கு வடக்கிலிருந்து சற்று மேற்கே, மேடானுக்குத் தென்கிழக்கே.

கொல்கத்தா கணீரென்று வருகிறது, சென்னை மட்டும் மெலிவு

இரண்டும் ஏறத்தாழ ஒரே தூரம். எனக்குத் தெரிந்த பலரும் இதை ஆன்டெனா கோளாறு என்று நினைத்துக் கம்பியை மாற்றி மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். காரணம் பூமியின் காந்தப்புலம்.

காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. அந்தமானும் அதற்கு அருகில்தான். இந்த வட்டாரத்தில் காந்தக் கோடுகள் தரைக்கு ஏறக்குறைய இணையாக, தெற்கு வடக்காகக் கிடக்கின்றன. மீடியம் வேவ் கோபுரம் அனுப்பும் அலையின் மின்புலம் செங்குத்தாக இருக்கும். அப்படிப்பட்ட அலை கிழக்கு மேற்காகப் பயணம் செய்து அயனி மண்டலத்துக்குள் நுழையும்போது, அதன் ஆற்றலில் பெரும்பகுதி வேகமாக உறிஞ்சப்படும் வகையாக மாறிவிடுகிறது. திரும்பி வருவது மிச்சம் மட்டும். வடக்கு தெற்காகப் போகும் அலைக்கு இந்த இழப்பு மிகக் குறைவு. ஆகவே கொல்கத்தாவும் யாங்கோனும் சுலபம், சென்னையும் இலங்கையின் புத்தளமும் சிரமம்.

இதை மாற்ற முடியாது, ஈடுகட்டலாம். மேற்குக் கரைக்குப் போவது ஒரு வழி. தென் அந்தமானில் வண்டூர் பக்கம் போனால் ஊரும் மலையும் முதுகுக்குப் பின்னால் போய்விடும், சென்னைத் திசையில் கடல்தான். சட்டத்தில் கம்பி சுற்றிய லூப் ஆன்டெனா இன்னொரு வழி, அதற்குக் கீழே வருகிறேன்.

ஒரே இடத்தில் இரண்டு நிலையங்கள்

இரண்டும் வெவ்வேறு திசை என்றால் வேண்டாததின் பக்கம் கம்பியின் முனையைத் திருப்பினால் போதும். நிலையம் பலமாகக் கேட்கும் கோணம் அகலமானது, அமுங்கும் கோணம் மிகக் குறுகலானது. ஆகவே "எங்கே நன்றாகக் கேட்கிறது" என்று தேடாமல் "எங்கே தொல்லை மறைகிறது" என்று தேடுங்கள். ரேடியோவைச் சற்றே சாய்த்தும் பாருங்கள், வானத்திலிருந்து இறங்கி வரும் அலையில் (வானலை) அது உதவும்.

அந்தமானில் ஒரு சிக்கல்: சென்னையும் பாங்காக்கும் ஏறத்தாழ எதிரெதிர்த் திசை. ஃபெரைட் கம்பிக்கு முன்னும் பின்னும் ஒன்றே. சென்னையை அமுக்கினால் பாங்காக்கும் அமுங்கும், ஒன்றை எடுத்தால் மற்றதும் சேர்ந்து வரும். திசை கைவிடும் இந்த இடத்தில் நேரம்தான் கைகொடுக்கும். கிழக்கு வேண்டுமானால் மாலையின் முதல் அரை மணி, மேற்கு வேண்டுமானால் விடியலின் கடைசி அரை மணி.

அடுத்தடுத்த அலைவரிசைகள் மோதுவது இன்னொரு வகை. புத்தளத்திலிருந்து டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ 882-இல் 400 கிலோவாட்டில் வருகிறது. அதற்கு அடுத்த படி 891-இல் தாய்லாந்து. 882-இல் தமிழ் கேட்டுக்கொண்டிருக்கும்போது பின்னால் சிலுசிலுவென்று வேறொரு குரல் தெறித்தால் அது 891-இன் விளிம்பு. ரேடியோவில் பேண்ட்விட்த் (எவ்வளவு அகலத்துக்குக் கேட்க வேண்டும் என்பது) பட்டன் இருந்தால் 3 அல்லது 2 கிலோஹெர்ட்ஸ் வையுங்கள். இல்லையென்றால் 881-க்கு, ஏன் 880-க்குக்கூட இறங்கிக் கேளுங்கள். குரல் கொஞ்சம் மொத்தையாகும், ஆனால் சொல் புரியும்.

உள்ளூர் நிலையம் எல்லா இடத்திலும் தலைகாட்டுகிறது

684-இன் நிகழ்ச்சி 1368-இலும் கேட்கிறதா? சரியாக இரண்டு மடங்கு. டிரான்ஸ்மிட்டருக்கு அருகில் இருக்கும்போது ரேடியோவில் அலையை முதலில் வாங்கும் சுற்று திணறி இப்படிக் காட்டும். அதே திணறலில் 720-உம் மங்கும். ரேடியோவில் டிஎக்ஸ்/லோக்கல் (தூரம்/உள்ளூர்) சுவிட்ச் இருந்தால் லோக்கலில் வைத்துப் பாருங்கள். கம்பியின் முனையை டிரான்ஸ்மிட்டர் பக்கம் திருப்பி 684-ஐ எவ்வளவு முடியுமோ அவ்வளவு அமுக்கிவிட்டு, பிறகு 720-க்கு வாருங்கள். லூப் போட்டிருந்தால் முதலில் அதை எடுத்துவிடுங்கள். மிகுந்த சத்தம் இருக்கும் இடத்தில் லூப் கெடுதல்தான் செய்யும். மாயாபந்தர், கார் நிக்கோபார் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை இராது.

909, 918 பக்கம் விசில்

ரேடியோவுக்குள்ளேயே பிறப்பது. பல ரேடியோக்களின் உள் அலைவரிசை 455 கிலோஹெர்ட்ஸ். அதன் இரு மடங்கு 910. வெளியே எதுவும் செய்ய வேண்டியதில்லை.

குரல் ஏறி இறங்குகிறது, நடுவில் நெளிகிறது

வானலை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டும், கழிக்கும். சில நொடியிலிருந்து சில நிமிடம் வரை மூழ்கி எழும். பொறுத்திருப்பதே வழி. மணி முடியும் நேரத்தை விடாதீர்கள், நிலையத்தின் பெயரும் செய்தியின் தொடக்கமும் அப்போதுதான் வரும். "ஆகாஷ்வாணி, செய்திகள் வாசிப்பது" என்ற அந்த ஒரு வரி அகப்பட்டால் அடையாளம் உறுதி.

சத்தம் குறையாமலே குரல் மட்டும் நெளிந்து உடைந்தால் நிலையத்தின் நடு அலை (கேரியர்) மறைந்து, அதன் இரு பக்கமும் குரலைக் கொண்டுவரும் பக்க அலைகள் மட்டும் வருகின்றன என்று பொருள். எஸ்.எஸ்.பி. (ஒரு பக்க அலையை மட்டும் எடுத்துக் கேட்கும்) வசதி உள்ள ரேடியோவில் அதைப் போட்டு, குரல் இயல்பாகும் வரை நுண்மையாகத் திருப்புங்கள். ரேடியோவே நடு அலையை உண்டாக்கிக்கொள்ளும், நெளிவு போய்விடும். மேல் பக்கம், கீழ்ப் பக்கம் இரண்டையும் மாற்றிப் பார்த்து, தொல்லை குறைவான பக்கத்தில் நில்லுங்கள்.

லூப் கட்டினேன், சத்தம் கூடவில்லை

பக்கத்துக்கு 60 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தில் 11, 12 சுற்று உறையிட்ட கம்பி, இரண்டு முனைக்கும் நடுவே பழைய வால்வு ரேடியோவில் நிலையம் மாற்றத் திருகும் கேங் கண்டன்சர், சுமார் 365 பிகோஃபாரட். இவ்வளவுதான் லூப். மின்சாரமும் வேண்டாம், ரேடியோவோடு ஒயர் இணைப்பும் வேண்டாம். சட்டத்தின் விளிம்பு நிலையத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஃபெரைட் கம்பி சட்டத்தைக் குத்திச் செல்வதுபோல் குறுக்கே இருக்கும்படி ரேடியோவைச் சுற்றுகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். பலருக்கும் தவறுவது இந்தக் குறுக்கு நிலைதான். ரேடியோவைச் சட்டத்துக்கு இணையாக வைத்தால் எவ்வளவு திருகினாலும் ஒன்றும் நடக்காது.

கண்டன்சரைத் திருகும்போது ஒரே ஒரு இடத்தில் சத்தம் திடீரென்று பொங்க வேண்டும். எங்குமே பொங்கவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறதா, முனைகளில் எனாமலைச் சுரண்டினீர்களா என்று பாருங்கள். பேண்டின் மேல்பாதியில் பொங்கி, 600-க்குக் கீழே பொங்க மறுத்தால் ஒரு சுற்றுக் கூட்டுங்கள். மேலே 1,500 எட்டவில்லை என்றால் ஒரு சுற்றுக் குறைக்கலாம், அல்லது சுற்றுகளுக்கு இடையே இன்னும் கொஞ்சம் இடைவெளி விடலாம். அலைவரிசை மாற்றும்போதெல்லாம் லூப்பையும் மறுபடி திருக வேண்டும். கை அருகில் போனால் இடம் நகர்வதும் இயல்பே.

சில மாதம் நன்றாகப் பாடிய ரேடியோ இப்போது மங்கிவிட்டது

உப்புக் காற்று. பேட்டரி ஸ்பிரிங்கில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கும். பஞ்சில் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்து, சுத்தமான தண்ணீர் தொட்ட பஞ்சால் மறுபடி துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ஒலியைக் கூட்டும் குமிழ் கரகரத்தால் கான்டாக்ட் கிளீனர் ஒரு சொட்டு விட்டு இப்படியும் அப்படியும் பலமுறை திருப்புங்கள். லூப் வைத்திருப்பவர்கள் கேங் கண்டன்சரின் தகடுகளையும் பாருங்கள். நடுவே உப்புப் படிந்தால் பொங்கும் இடம் மழுங்கிவிடும். கரைக்குப் போய்வந்த இரவே துணியால் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். பேட்டரியை வெளியே எடுத்துவிட்டு மூடுங்கள்.